2022 மார்ச் 7க்கு அப்புறம் ஸ்கூல்ல பையனுக்கு மாஸ்க் போடலாமா வேணாமா? (கொரோனா சமயத்துல, அமெரிக்காவுல நியூ ஜெர்சியில இருக்குற ஒரு அம்மா கேட்டதுக்கு 2022ல எழுதின பதில்)

சிஸ்டர், உங்க பையனுக்கு கொரோனா ஊசி ரெண்டு டோஸும் ஆச்சு, வீட்ல ரெண்டு வயசு பாப்பாவுக்கு இன்னும் தடுப்பூசியே வரல, அதான குழப்பம்? போன மாசம் வரைக்கும் எங்க வீட்லயும் இதே பேச்சுதான்.

நியூ ஜெர்சி கவர்னர் மர்ஃபி மார்ச் 7ல எடுக்குறது ஸ்கூல்ல மாஸ்க் போட்டே ஆகணும்ங்கற கட்டாயத்த மட்டும்தாங்க. போடணும்னு நினைக்கிற பிள்ளைங்க தாராளமா போட்டுக்கலாம், இத மொதல்ல மனசுல வைங்க. ரெண்டாவது டோஸ் போட்டு 2 வாரம் தாண்டின பிள்ளைக்கு, ஊர்ல கேஸும் இறங்கிட்டா, கழட்டுறது சரின்னுதான் என் அபிப்பிராயம். என் பொண்ணு ஃபர்ஸ்ட் கிரேடு, மத்தியானம் வர்றப்போ மாஸ்க் நனைஞ்சு தொப்பலா இருக்கும், டீச்சரோட வாயசைவு தெரியாம எழுத்துக்கூட்டவே திணறுனா, அதெல்லாம் பாக்கறப்போ வயித்தெரிச்சலா இருக்கும்ங்க.

ஆனா ஊசி போட்ட பிள்ளைக்கும் இப்போ பரவுற ஒமைக்ரான் வகை கொரோனா தொத்துது, வீட்டுக்கும் கொண்டு வருது. பாப்பா இருக்கறதால நீங்க இன்னும் 3, 4 வாரம் பொறுங்க, சிடிசி (அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையம்) சைட்ல உங்க கவுண்ட்டிக்கு (மாவட்டம் மாதிரி) கொரோனா அளவு 'லோ'ன்னு பச்சையா காட்டுதான்னு வாராவாரம் பாருங்க, பச்சையாவே நின்னா கழட்டிடுங்க. அதுவரைக்கும் துணி மாஸ்க் வேணாம், சின்ன சைஸ் கேஎஃப்94 (நல்லா வடிகட்டுற கொரியன் மாஸ்க்) வாங்கி காது கயித்துல ஒரு முடிச்சு போட்டா கன்னத்தோட ஒட்டி நிக்கும், லஞ்சுக்கு அப்புறம் மாத்திக்க பையில இன்னொன்னு வைங்க. கிளாஸ்ல யாராச்சும் கிண்டல் பண்ணா டீச்சருக்கு உடனே மெயில் போடுங்க, தள்ளிப்போடாதீங்க.