95 கிலோ ஆளுக்கும் அதே 500 மி.கி. போதுமா?

தொண்டைவலிக்கு உங்களுக்கும் மனைவிக்கும் டாக்டர் ஒரே அளவு மாத்திரை எழுதியதால், உங்கள் எடைக்கு அது போதாதோ என்று கேட்கிறீர்கள். நீங்களாக இன்னொரு மாத்திரையைக் கூட்டிப் போடாதீர்கள். தொண்டைவலிக்கு அமாக்ஸிசிலின் (பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக்) 500 மி.கி. மூன்று வேளை என்பது பெரியவர்களுக்கு வழக்கமான அளவுதான். 95 கிலோ உங்களுக்கும் 55 கிலோ மனைவிக்கும் ஒரே மாதிரி எழுதியதில் தப்பில்லை.

குழந்தைகளுக்கு சிரப்பை எடை பார்த்துக் கொடுப்பதால் வந்த குழப்பமாக இருக்கும். பெரியவர்களுக்குக் கிலோ கணக்கு பெரும்பாலும் ஜென்டாமைசின், வான்கோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஊசிகளுக்குத்தான். அதையும் ரத்தத்தில் மருந்தளவைச் சோதித்து மாற்றுவார்கள்.

பழைய கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த மாத்திரைக்கு எடையைவிட சிறுநீரகம்தான் முக்கியம்.

மூன்று நாளில் குறையாவிட்டால் திரும்பப் போய்க் காட்டுங்கள். வைரஸாக இருந்தால் எத்தனை மி.கி. போட்டாலும் கேட்காது. (தொண்டைவலி பாதிக்குமேல் அதுதான்.) உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.