டப்பாவுக்குள் இருப்பது வெந்த மீன்

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள் தடை. அந்த நாட்களில் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் ஐஸ் மீனும் கொஞ்சம் வள்ளத்து மீனும்தான். விலை கேட்டால் கையிலிருக்கும் பையை மடித்து வைத்துவிடத் தோன்றும். அதனால்தானோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டின் மீனைப் பற்றியவை.

டின் சாளையில் (மத்தி மீன்) புளிக்குழம்பு வைத்தேன். பத்து நிமிடம் கொதித்ததும் மீன் முழுக்கக் கரைந்து, குழம்பு கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. டப்பா மட்டமானதா?
– வாசகி, மார்த்தாண்டம்

டப்பா மேல் குற்றமில்லை. பச்சை மீனுக்கு வைக்கிற கணக்கில் வைத்துவிட்டீர்கள். டப்பாவை மூடி சீல் வைத்த பிறகு, நீராவி அழுத்தத்தில் ஏறத்தாழ 115 முதல் 121 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். அந்த வெப்பம் நம் வீட்டு பிரஷர் குக்கருக்குள் இருப்பது போன்றது. அதில் நெடுநேரம் இருந்த மீன் வெந்து, முள்ளும் மெத்தென்று ஆன பிறகுதான் கடைக்கு வருகிறது. அதற்கு இனி சூடும் உப்பும் புளியும் ஏறினால் போதும்.

ஆகவே குழம்பைத் தனியாக முடித்துக்கொள்ளுங்கள். வடித்த பின் 230 முதல் 250 கிராம் மீன் உள்ள பெரிய டப்பாவுக்கு இது அளவு: தேங்காய்த் துருவல் ஒரு கப், சின்ன உள்ளி 4, வத்தல்மிளகுப் பொடி 2 தேக்கரண்டி, மல்லிப்பொடி ஒரு மேசைக்கரண்டி, மஞ்சள்பொடி கால் தேக்கரண்டி, நல்லமிளகு அரை தேக்கரண்டி. எல்லாவற்றையும் வெண்ணெயாக அரைத்துக்கொள்ளுங்கள். குடம்புளி 2 சுளையை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். அரைப்பு, புளி, புளி ஊறிய தண்ணீர், ஒன்றரை கப் தண்ணீர், நீளமாக வெட்டிய முருங்கைக்காய் ஒன்று, கீறிய பச்சைமிளகாய் 3 எல்லாம் சட்டியில் போய் 12 நிமிடமாவது கொதிக்க வேண்டும். பச்சை மசாலா வாசம் போய், ஓரத்தில் எண்ணெய் தெளியும். அதுவரை மீன் டப்பாவிலேயே இருக்கட்டும்.

பிறகு தீயைக் குறைத்து, மீனை ஒவ்வொன்றாக இறக்குங்கள். கரண்டி வேண்டாம். சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் குழம்பு மீன் மேல் ஏறிக்கொள்ளும். நான்கு நிமிடம் போதும். மண்சட்டி என்றால் மூன்றிலேயே இறக்கிவிடுங்கள், மீதியைச் சட்டியின் சூடு பார்த்துக்கொள்ளும். பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை, மேலே மூடி. அரை மணி கழித்துப் பரிமாறினால் மீனுக்குள் புளி இறங்கியிருக்கும்.

உப்பை மீன் போட்ட பிறகு ருசி பார்த்துச் சேருங்கள். டப்பா மீனில் ஏற்கெனவே உப்பு உண்டு. குழம்பு கடுத்துப்போவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். தக்காளிச் சாற்றில் வந்த சாளை என்றால் அந்தச் சாற்றையும் குழம்பில் ஊற்றிக்கொண்டு, குடம்புளியை ஒரு சுளையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சில சாறுகளில் மாவும் சர்க்கரையும் இருக்கும். அவை அடிப்பிடிக்கும்.

எண்ணெயில், உப்புநீரில், தக்காளிச் சாற்றில் என்று மூன்று விதமாக விற்கிறார்கள். எது சத்து? வடித்த எண்ணெயைக் கொட்டிவிடலாமா?
– வாசகர், மூணாறு

முதலில், சாளையும் சூரையும் ஒரே தராசில் நிற்காது. எண்ணெயில் அடைத்து வடித்த சாளையில் 100 கிராமுக்குப் புரதம் சுமார் 24 கிராம், சுமார் 200 கலோரி, ஒமேகா-3 கொழுப்பு ஏறத்தாழ ஒரு கிராம். பி12 எட்டு மைக்ரோகிராமைத் தாண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் தேவையே இரண்டு சொச்சம்தான். தண்ணீரில் அடைத்த சூரையில் புரதம் 20 முதல் 25 கிராம், கலோரி 90 முதல் 115. கொழுப்பு மிகக் குறைவு என்பதால் ஒமேகா-3-யும் அதில் சாளையின் மூன்றிலொரு பங்குக்கும் கீழே. உடம்பைக் குறைக்க நினைப்பவர்கள் தண்ணீர்ச் சூரையை எடுக்கட்டும். மற்றவர்களுக்கு எங்கள் ஓட்டு சாளைக்கே. மலிவும் அதுதான்.

எண்ணெய் விஷயம்: டப்பாவில் ஊற்றுவது பெரும்பாலும் சோயா எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ. மீனின் சொந்த எண்ணெயும் வைட்டமின் டி-யும் கொஞ்சம் அதில் கலந்துவிடும். கொட்டினால் அதையும் சேர்த்துத்தான் கொட்டுகிறீர்கள். இரண்டு தேக்கரண்டி எடுத்து அதிலேயே கடுகு தாளியுங்கள். மீன்வாசம் ஏற்கெனவே ஏறிய எண்ணெய், உள்ளி வதக்க அருமை. தண்ணீர் டப்பாவில் இந்தக் கவலை இல்லை. கொழுப்பு தண்ணீரில் கரையாது, மீனிலேயே தங்கும்.

உப்புநீர் டப்பாவை ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வடிகட்டியில் போட்டு ஓடும் தண்ணீரில் ஒரு நிமிடம் அலசினால் உப்பு நன்றாகக் குறையும். வாங்கும்போது லேபிளில் மொத்த எடையைப் பார்க்காதீர்கள், வடித்த எடையைப் பாருங்கள். 185 கிராம் சூரை டப்பாவில் மீன் பெரும்பாலும் 130 கிராமை ஒட்டித்தான் இருக்கும். விலையை அதற்கு வகுத்துப் பாருங்கள்.

டின் சாளையின் நடுமுள்ளைப் பிள்ளைகளுக்கு எடுத்துவிட்டுக் கொடுக்கிறேன். சரியா?
– வாசகி, பாறசாலை

எடுத்துப்போடும் முள்ளில்தான் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முள்ளோடு 100 கிராம் சாளையில் 380 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். முள்ளில்லாத சூரையில் இருபதைக்கூடத் தொடாது. முள்ளோடு 60 கிராம் சாளை என்பது கால்சியக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு தம்ளர் பால். நடுமுள்ளை இரு விரலால் நசுக்கிப் பாருங்கள். சுண்ணாம்புக்கட்டி போலப் பொடியும். பொடியவில்லை என்றால் மட்டும் எடுத்துவிடுங்கள். முள் என்று தெரிந்தால் முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு மீனை முள்ளோடு மசித்துக் கட்லெட்டிலோ தோரனிலோ கலந்துவிடலாம். ஒரு வயதுக்குக் கீழே டின் மீன் வேண்டாம், அதில் உப்பு அதிகம்.

போன வாரம் திறந்த சூரை டப்பாவில் உடைந்த கண்ணாடி போல இரண்டு துண்டு. கடைக்காரரிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவரோ "அது உப்பு" என்கிறார்.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கலாம். மீனில் இயல்பாக உள்ள மக்னீசியமும் பாஸ்பேட்டும், சூடாக்கும்போது புரதத்திலிருந்து வெளிவரும் அம்மோனியாவும் சேர்ந்து, டப்பா ஆறும்போது பளிங்காக உறையும். ஸ்ட்ரூவைட் என்று பெயர். சர்க்கரைப் பரல் அளவிலும் இருக்கும், அரிசிமணி நீளத்துக்கும் வளரும். பார்வைக்கு அசல் கண்ணாடிதான்.

சோதிக்க வழி இருக்கிறது. துண்டை ஒரு கிண்ணத்தில் போட்டு, வினாகிரியோ எலுமிச்சைச் சாறோ மூழ்கும் அளவு ஊற்றி, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூட்டில் விடுங்கள். ஸ்ட்ரூவைட் என்றால் சில நிமிடங்களில் முனை மழுங்கத் தொடங்கிக் கரையும். கண்ணாடி அப்படியே கிடக்கும். நகத்தால் அழுத்தினாலும் பளிங்கு நொறுங்கும், ஆனால் கண்ணாடியாக இருந்துவிட்டால் விரல் போகும். வினாகிரியே நல்லது. கரையாவிட்டால் டப்பாவையும் துண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி சண்டைக்குப் போகலாம்.

உட்சுவரில் தெரியும் கருப்புத் திட்டும் இதே கதைதான். மீன் புரதத்தின் கந்தகம் தகரத்தோடு சேர்ந்த கறை. கெடுதல் இல்லை.

ஒடுங்கிய டப்பாவைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

எங்கே ஒடுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வயிற்றுப் பகுதியில் மேலோட்டமான குழி என்றால் பாதகமில்லை. மூடியும் உடலும் சேரும் மடிப்பு விளிம்பில் அடி பட்டிருந்தால் தொடாதீர்கள், அங்கே முடி அளவு கீறல் விட்டாலும் கிருமி உள்ளே போகும். துடைத்தும் போகாத துரு, ஒட்டும் கசிவு, உப்பல் எதுவாக இருந்தாலும் விலையே பேச வேண்டாம். மூடியை விரலால் அழுத்துங்கள். உள்ளே போய் 'டக்' என்று திரும்ப வந்தாலும் உப்பலே. திறக்கும்போது பீய்ச்சி அடித்தால் ருசி பார்க்கவே கூடாது. பொட்டுலிசம் கிருமியின் நஞ்சுக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது. பையில் கட்டி, நாய் பூனை தொடாத இடத்தில் போடுங்கள்.

சூரை கட்லெட் ஒவ்வொரு தடவையும் எண்ணெயில் பிரிந்துவிடுகிறது. முட்டை சேர்த்தும் பயனில்லை.
– வாசகி, செங்கோட்டை

முட்டையை உள்ளே சேர்த்ததும் ஒரு காரணம். கலவையில் ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகி உள்ளிருந்தே வெடிக்கும். 185 கிராம் டப்பா மீனை வடித்தால் போதாது, துணியில் கட்டிப் பிழியுங்கள். உருளைக்கிழங்கு 200 கிராமைத் தோலோடு அவித்து, முழுக்க ஆறிய பிறகு உரித்து மசியுங்கள். வெட்டிப்போட்டு அவித்தால் தண்ணீர் குடித்துவிடும். பொடியாக நறுக்கிய சின்ன உள்ளி 10, பச்சைமிளகாய் 2, ஒரு அங்குல இஞ்சி, கறிவேப்பிலையை நீர் வற்ற வதக்கி, நல்லமிளகுப் பொடி முக்கால் தேக்கரண்டி, கரம் மசாலா கால் தேக்கரண்டி சேர்த்து ஆறவையுங்கள். எல்லாம் ஆறிய பின் பிசைந்தால் எட்டு கட்லெட். முட்டையின் வெள்ளைக்கரு வெளியே பூசத்தான். அதில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி, பிரிட்ஜில் அரை மணி வையுங்கள். எண்ணெயில் ரஸ்க் தூள் ஒரு சிட்டிகை போட்டால் உடனே பொரிந்து மேலே வர வேண்டும். ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறிப்போய், கட்லெட் எண்ணெய் குடித்து இளகும். அடிப்பக்கம் சிவக்கும் வரை திருப்பாதீர்கள்.

உருளைக்குப் பதில் மரச்சீனி அவித்துத் தண்ணீரை இறுத்து மசித்தால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். நரம்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. டின் மீனில் பாதரசம் என்கிறார்களே?
– வாசகி, குமுளி

மீன் பெரிதாகவும் வயதானதாகவும் ஆக ஆகப் பாதரசம் கூடும். சாளை சின்ன மீன், அதில் மிகக் குறைவு. வாரம் இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். சூரையில் வரிச்சூரை போன்ற சிறு வகையில் அடைத்தது நடுத்தரம். வெள்ளைச் சூரை எனப்படும் 'அல்பகோர்' அதைவிட மூன்று மடங்கு அளவு. அதை வாரம் ஒரு முறைக்கு, 110 கிராமுக்கு மேல் வேண்டாம். ரத்த அழுத்தம் இருந்தால் உப்புக் கணக்கை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவை மூடியோடு கொதிநீரில் போட்டுச் சூடாக்கலாமா?
– வாசகர், கூடலூர்

கூடாது, வெடிக்கலாம். அடுப்பு மேலும் வைக்காதீர்கள், மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள்.

பாதி மீனை டப்பாவிலேயே மூடி வைத்து மறுநாள் சாப்பிட்டேன். நாக்கில் மிளகு மாதிரி சுரீரென்றது, முகம் சிவந்து தலைவலித்தது. அலர்ஜியா?
– வாசகர், களியக்காவிளை

நீங்கள் சொல்லும் அறிகுறிகள், அலர்ஜி போலவே காட்டும் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருளுக்கும் பொருந்துகின்றன. சூரை, சாளை, அயிலை இந்த மூன்றும் வெளிச்சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அவற்றின் தசையில் இதை உண்டாக்கும். உண்டான பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. அடைக்கும் முன்பே மீன் ஐஸ் இல்லாமல் கிடந்திருந்தாலும் இப்படி ஆகலாம். மிளகு போலச் சுரீரென்றால் அந்த வாயோடு துப்பிவிடுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசநோய்க்கு ஐசோநியாசிட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கடுமையாக வரும், அவர்கள் டாக்டரைக் கேட்டே இந்த மீன்களைத் தொடட்டும்.

திறந்த டப்பாவின் மிச்சத்தை உடனே எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, பிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். டப்பாவிலேயே விட்டால், தக்காளிச் சாறு என்றால் குறிப்பாக, காற்றுபட்டுத் தகர ருசி ஏறும். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு ஒரே வேளையில் தீரும் சின்ன டப்பாதான் சரி.

யூரிக் ஆசிட் இருக்கிறது. சாளை?
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

தவிர்த்துவிடுங்கள். உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் சாளையில் அதிகம், டப்பாவில் அடைத்தாலும் அது குறையாது.

காலை ஆறரைக்குத் தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். சோற்றோடு கட்ட டின் மீனில் சீக்கிரம் ஆகிற கறி ஒன்று?
– வாசகி, பீர்மேடு

சாளைத் தோரன், பத்து நிமிட வேலை. சின்ன டப்பா ஒன்றுக்குத் தேங்காய்த் துருவல் அரை கப், சின்ன உள்ளி 5, பூண்டு 2 பல், பச்சைமிளகாய் 2, மஞ்சள் கால் தேக்கரண்டி. அம்மியில் இரண்டு இழுப்பு, அல்லது மிக்ஸியில் ஒரே சுற்று. விழுதாகக் கூடாது. டப்பா எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, தேங்காயைப் போட்டு ஈரம் போகும் வரை நான்கு நிமிடம் கிளறுங்கள். மீனை முள்ளோடு உதிர்த்துப் போட்டு இன்னும் மூன்று நிமிடம். ஒரு கைப்பிடி முருங்கையிலை இருந்தால் தேங்காயோடு சேர்த்துவிடலாம். சூட்டோடு மூடினால் ஆவி இறங்கிச் சோறு நசநசக்கும், ஆறவிட்டுக் கட்டுங்கள். பத்து மணிச் சாப்பாட்டுக்கே இதை முடித்துவிடுங்கள். மதியத்துக்கு இது வேண்டாம், தேங்காயும் மீனும் அதுவரை தாங்காது. மதியத்துக்குப் பாத்திரத்தில் ஊறுகாய் இருக்கட்டும்.