சொத்தைப் பல்லும் பெயர்ந்த தளமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "ஒட்டுறது, அடைக்கிறது, பூசுறது பத்தி எந்த சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்க"ன்னு ஒரு வரி போட்டேன். வந்த கடிதத்துல முக்காவாசி பல்லு! நான் பல் டாக்டர் இல்லீங்க, பொருள் எல்லாம் ஏன் உடையுதுன்னு காலேஜ்ல பாடம் நடத்தினவன். உங்க வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு டாக்டர்தான் பார்த்து சொல்லணும், உள்ள வைக்கிற பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் நான் சொல்றேன்.

கேள்வி: 25 வருஷத்துக்கு முன்னாடி கடவாய்ப்பல்லுல வெள்ளி அடைச்சாங்க. இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப "அதுல பாதரசம் இருக்கு, எடுத்துட்டு வெள்ளையா வச்சுக்கோ"ன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. எடுக்கணுமா? (வாசகி, காரைக்குடி)

ஓரம் உடையல, அடியில சொத்தை இல்ல, வலி இல்லன்னா எதுக்கும்மா எடுக்கணும். பாதரசம் இருக்குறது நிஜம்தான், எடையில கிட்டத்தட்ட பாதி அதுதான், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள். ஆனா ரெண்டும் சேர்ந்து இறுகினதும் அது வேற உலோகக் கலவை ஆயிடுது, தெர்மாமீட்டர் உடைஞ்சா தரையில ஓடுமே அந்த மாதிரி தனியா உள்ள உருண்டுகிட்டு இருக்காது. மெல்லும்போது ரொம்ப ரொம்ப கொஞ்சமா ஆவி வரும், ஆனா டிரில் வச்சு தோண்டும்போது வர்றது அதைவிட அதிகம், கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் செதுக்கப்பட்டு போயிடும். மருந்து, மருத்துவப் பொருள் எல்லாம் கண்காணிக்கிற அமெரிக்காவோட எஃப்டிஏ 2020ல சொன்னதும் இதேதான்: கர்ப்பிணிங்க, பால் குடுக்கிறவங்க, 6 வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்க, கிட்னி கோளாறோ நரம்பு கோளாறோ உள்ளவங்க, இவங்களுக்கு புதுசா வைக்கிறத முடிஞ்சவரை தவிருங்க, ஏற்கனவே நல்லா இருக்கிறத சும்மா எடுக்காதீங்க.

அப்புறம் ஏன் தடை பண்றாங்கன்னு கேப்பீங்க. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜனவரி 1ல இருந்து பொதுவா நிறுத்திட்டாங்க, பாதரசத்த குறைக்கறதுக்குன்னு போட்ட மினமாட்டா ஒப்பந்தத்துல இருக்கிற நாடுகளும் 2034க்குள்ள நிறுத்தறதா ஒத்துக்கிட்டு இருக்கு. முக்கிய காரணம் சுற்றுச்சூழல், கிளினிக் சாக்கடை வழியாவும் பிணம் எரிக்கிற புகை வழியாவும் பாதரசம் வெளிய போறது.

ஒரு விஷயம் மட்டும் அந்த பழைய வெள்ளிக்கு மரியாதையா சொல்லிடறேன். அது பல்லோட ஒட்டவே ஒட்டாது. வாய் சின்னதா, வயிறு பெருசா பானை மாதிரி குழி வெட்டி உள்ள அமுக்கி வச்சா வெளிய வர முடியாம உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஓரத்துல முடி அளவு இடைவெளி இருக்கும், ஆனா நாளாக நாளாக உலோகம் லேசா அரிச்சு அந்த அரிப்பே இடைவெளிய அடைச்சுக்கும். துரு உபகாரம் பண்ற இடம் இது ஒண்ணு. உபத்திரவம் பண்ற கதை கீழ நாகப்பட்டினத்துக்காரர் கேள்வில வருது.

கேள்வி: வெள்ளை அடைப்பு 2 வருஷத்துல விழுந்துடுச்சு. எங்க அம்மாவோட வெள்ளி அடைப்பு 30 வருஷமா இருக்கு. காசும் இதுக்குதான் ஜாஸ்தி. மட்டமான சரக்கா? (வாசகர், திருப்பூர்)

சரக்கு மேல பழி போடறதுக்கு முன்னாடி ஒட்டின அந்த ஒரு நிமிஷத்த பார்க்கணும்.

வெள்ளை அடைப்புன்னா காம்போசிட், அதாவது ரெசினும் (இறுகினா கெட்டியாகிற பிளாஸ்டிக் பிசின்) கண்ணாடித்தூளும். எடையில முக்காவாசி தூள்தான், அது ரெசினோட பிரியாம இருக்க ஒவ்வொரு துகள் மேலயும் சிலேன்னு ஒண்ணு பூசியிருப்பாங்க. ஃபைபர் கிளாஸ் படகு இருக்கே, அதுக்கு இது சித்தப்பா பையன் மாதிரி. இந்த ரெசினுக்கு 1962ல பேட்டன்ட் வாங்கினவர் ரஃபேல் போவன்னு ஒரு அமெரிக்கர். ஆனா ரெசின பல்லுல ஒட்ட வைக்கிற வழிய அதுக்கு முன்னாடியே 1955ல மைக்கேல் புவோனோகோர் கண்டுபிடிச்சுட்டார், அவருக்கு யோசனை வந்தது எங்க இருந்துன்னா பெயின்ட் வேலையில இருந்து. உலோகத்து மேல பெயின்ட் நல்லா பிடிக்கணும்னு ஃபேக்டரில பாஸ்பாரிக் ஆசிட் தடவுவாங்க இல்லையா, அதையே பல்லு மேல 30 செகண்ட் தடவிப் பார்த்தார், 85 சதவீத ஆசிட்! இப்ப 37 சதவீதம், நீல கலர் ஜெல்லா சிரிஞ்சுல வரும்.

அடுத்த தடவை போனா ஒரு சின்ன கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்க. அந்த ஜெல்ல கழுவி காத்து ஊதினதும் பளபளன்னு இருந்த எனாமல் (பல்லோட வெளி ஓடு) சாக்பீஸ் மாதிரி வெள்ளையா மங்கிடும், அதாவது கண்ணுக்கு தெரியாத லட்சக்கணக்கான குழி விழுந்திருக்கு. அதுக்குள்ள ரெசின் இறங்கி இறுகினாதான் பிடிப்பு. அந்த நேரத்துல நாக்கு லேசா பட்டாலும், ஒரு சொட்டு எச்சி பட்டாலும் குழி அடைபட்டுப் போச்சு, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்குத்தான் பல்ல சுத்தி ரப்பர் ஷீட் மாட்டுறது, நமக்கு மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், வேணாம் டாக்டர்னு சொல்லிடுவோம். சொல்லாதீங்க.

அப்புறம் நீல லைட். ரெசினுக்குள்ள காம்பர்குயினோன்னு மஞ்சள் பொடி கொஞ்சம் இருக்கும், நம்ம கற்பூரத்துக்கு உறவுக்காரப் பொருள், 470 நானோமீட்டர் பக்கத்துல வர்ற நீல வெளிச்சம் பட்டா அது வேலைய ஆரம்பிச்சு ரெசின இறுக வைக்கும். இறுகும்போது 2, 3 சதவீதம் சுருங்கும், சுருங்கினா ஓரத்த பல்லுல இருந்து பிடுங்கப் பார்க்கும். வெளிச்சமும் ரொம்ப ஆழம் இறங்காது, அதனால 2 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டரா வச்சு வச்சு லைட் அடிக்கணும். அவசரத்துல மொத்தமா அமுக்கி ஒரே தடவை அடிச்சா மேல கல்லு, அடியில களி (ஆழமா வைக்கிறதுக்குன்னே தனி வகை இருக்கு, அது வேற).

குழி ஈறுக்கு கீழ போயிருந்தா இன்னும் கஷ்டம், அங்க எனாமலே இருக்காது, உள்பக்க டென்டின்தான், அது எப்பவும் ஈரம். அந்த மாதிரி இடத்துக்கு கிளாஸ் அயனோமர் சரியா இருக்குமான்னு டாக்டர கேளுங்க. லண்டன்ல வில்சனும் கென்ட்டும் 1970கள் ஆரம்பத்துல கொண்டு வந்தது, பல்லுல இருக்கிற கால்சியத்தோட அதுவே ஒட்டிக்கும், ஃப்ளோரைடும் கசியும், சூடு பட்டாலும் ஐஸ் பட்டாலும் கிட்டத்தட்ட பல்லு அளவுக்கே விரிஞ்சு சுருங்கும். ஆனா முறுக்கு கடிக்கிற இடத்துல வச்சா தேஞ்சிடும்.

கேள்வி: சாக்லேட் சுத்தின வெள்ளிப் பேப்பர தெரியாம கடிச்சா பல்லுல சுரீர்னு ஷாக் அடிக்குதே, ஏன்? (9ஆம் வகுப்பு மாணவி, மதுரை)

உன் பல்லுல வெள்ளி அடைச்சிருக்காங்க, சரியா? அந்தப் பேப்பர் அலுமினியம், அடைப்பு வேற உலோகம், நடுவுல உப்பு கலந்த எச்சி, அதான் பேட்டரி. கரென்ட் ரொம்ப கொஞ்சம்தான், ஆனா பல்லோட நரம்புக்கு அதுவே ஜாஸ்தி. சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு இத செஞ்சு காட்டாத, எலுமிச்சம்பழம் போதும்.

கேள்வி: ரூட் கெனால் முடிஞ்சது. கேப் போட மெட்டல், மெட்டல் மேல செராமிக், ஜிர்கோனியான்னு 3 ரேட் சொல்றாங்க. வேருக்குள்ள கம்பி வேற வைக்கணுமாம், அதுலயும் மெட்டலா ஃபைபரான்னு கேக்கறாங்க. தலை சுத்துது. (வாசகர், சேலம்)

கம்பியில இருந்து ஆரம்பிப்போம், அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, கெட்டியா இருந்தா நல்லதுன்னு நினைச்சு. டென்டினோட விறைப்பு 18 கிகாபாஸ்கல் (விறைப்ப அளக்கிற அலகு) பக்கம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 200. கடவாயில அழுத்திக் கடிக்கும்போது 50 கிலோவுக்கு மேல கூட அழுத்தம் வரும், பல்லு லேசா வளையும், ஸ்டீல் வளையாது, அந்த பாரம் முழுக்க கம்பியோட நுனியில போய் வேர ஆப்பு அடிச்ச விறகு மாதிரி பிளந்துடும். வேர் பிளந்தா பல்ல பிடுங்கறதுதான் வழி. கண்ணாடி ஃபைபர் போஸ்ட் (வேருக்குள்ள வைக்கிற கம்பிக்கு டாக்டருங்க சொல்ற பேர் போஸ்ட்) பல்லுக்கு பக்கத்து விறைப்புல இருக்கிறதால கூட வளையும், தோத்துப் போனாலும் பெரும்பாலும் ஒட்டு விட்டு கழண்டு வரும், திரும்ப வச்சுக்கலாம். பல்லு மேல்பாகம் போதுமான அளவு மிச்சம் இருந்தா போஸ்ட்டே வேணாம், அது பல்லுக்கு பலம் குடுக்கறது இல்ல, கேப்ப தாங்குற மேல்பாகத்த பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலை. இத தெளிவா கேட்டுக்கோங்க.

கேப்புக்கு வந்தா, கண்ணுக்கு தெரியாத கடைசி கடவாய்க்கு மெட்டல் கேப் ஒண்ணும் மட்டம் இல்ல, பல்ல கம்மியா செதுக்கினா போதும், உடையாது. நிக்கல் கலந்ததான்னு மட்டும் கேளுங்க, கவரிங் கம்மல் போட்டா காது புண்ணாகிற ஆளுன்னா நிக்கல் வேண்டாம். மெட்டல் மேல செராமிக்ல பீங்கான் ஒட்டி நிக்கிறதே உலோகத்து மேல இருக்கிற மெல்லிசான ஆக்சைடு படலத்தாலதான், வருஷம் ஆக ஆக ஈறு கொஞ்சம் இறங்கினா ஓரத்துல கருப்பா ஒரு கோடு தெரியும், முன்பல்லுன்னா அது உறுத்தும். ஜிர்கோனியாவும் ஒரு வகை பீங்கான்தான், அதோட கதை ரசமானது. விரிசல் ஒண்ணு உள்ள நுழையப் பார்த்தா அந்த முனையில இருக்கிற படிகங்க வடிவம் மாறி 3, 4 சதவீதம் பருத்து விரிசல நெருக்கி நிறுத்திடும், 1975லயே இத பத்தி எழுதினவங்க பீங்கான் ஸ்டீலான்னு தலைப்பு வச்சாங்க. என் பல்லா இருந்தா பின்னாடி மெட்டலோ ஜிர்கோனியாவோ, ரேட்ட பார்த்து.

கேள்வி: மாடி தளத்துல அடிப்பக்கம் சிமென்ட் பாளம் பாளமா விழுந்து கம்பி தெரியுது. கடலுக்கு பக்கம் வீடு. எபாக்ஸி அடைச்சா போதுமா, இல்ல கார்பன் ஃபைபர் ஒட்டணுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

என் வீட்டு சன்ஷேட்ல இதே மாதிரி கம்பி தெரிஞ்சப்ப மேஸ்திரி ஒருத்தர் மேல நல்லா சிமென்ட் பூசி பெயின்டும் அடிச்சு குடுத்தார், நானும் பாடம் நடத்துற ஆளு வாய பொத்திக்கிட்டு காசு குடுத்தேன். அடுத்த மழைக்காலம் முடியறதுக்குள்ள அந்தப் பூச்சு மொத்தமும் வாசல்ல கிடந்துச்சு. உடைஞ்ச துண்ட திருப்பிப் பார்த்தா கம்பியோட அச்சு அப்படியே காவி கலர்ல இருக்கு. துருவ தேய்க்காம அது மேலயே பூசியிருக்கார், சொத்தைய எடுக்காம பல்ல அடைச்ச மாதிரி.

இரும்பு துருவானா பழைய அளவ விட ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும், அந்த தள்ளுக்கு கல்லே தாங்காது. ஏதென்ஸ்ல பார்த்தனான் கோயில் இருக்கே, கட்டினவங்க கல்லையும் கல்லையும் இணைக்க இரும்புப் பட்டை வச்சு சுத்தி ஈயத்த உருக்கி ஊத்தினாங்க, தண்ணி போகல. 20ம் நூற்றாண்டு ஆரம்பத்துல பலானோஸ்னு ஒரு இன்ஜினியர் ரிப்பேர் பண்ணினப்ப இரும்ப ஈயம் இல்லாம வச்சார், துரு பிடிச்சு பருத்து, நல்லா இருந்த சலவைக்கல்லையும் பிளந்துடுச்சு. 1975க்கு அப்புறம் நடக்கிற வேலையில அதையெல்லாம் எடுத்துட்டு டைட்டானியம் வைக்கிறாங்க. பல் இம்ப்ளான்ட்டுக்கும் (எலும்புல பதிக்கிற செயற்கை வேர்) அதே டைட்டானியம்தான், பிரானமார்க்னு ஸ்வீடன் டாக்டர் 1952ல முயல் எலும்புல வச்சத திரும்ப எடுக்க வரலன்னுதான் அந்தக் கதையே ஆரம்பிச்சது, 1965ல முதல் மனுஷனுக்கு வச்சார். அது மேல உடனே படியிற ஆக்சைடு படலம் பருக்காது, உரியாது, எலும்பு அது மேல வந்து சேர்ந்துக்கும்.

உங்க தளத்துக்கு வருவோம். முதல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர கூப்பிட்டு கம்பி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாருங்க, அதுக்கு முன்னாடி கீழ யாரையும் படுக்க விடாதீங்க. துரு பிடிச்ச நீளம் முழுக்க, கம்பிக்கு பின்பக்கமும் விரல் போற அளவு காரைய உடைச்சு எடுக்கணும், பளிச்சுனு இரும்பு தெரியற வரை தேய்க்கணும், ரொம்ப மெலிஞ்சிருந்தா பக்கத்துல புதுக் கம்பி சேர்க்கணும், துத்தநாக பிரைமர் அடிக்கணும், அப்புறம்தான் பாலிமர் கலந்த மார்ட்டர். கடலோரம்னா இன்னொரு வில்லங்கம், உப்பு ஏறின பழைய கான்கிரீட்டுக்கு நடுவுல ஒரு இடத்துல மட்டும் புதுசா அடைச்சா, ஒட்டுக்கு சுத்தி இருக்கிற பழைய கம்பி முன்னைவிட வேகமா துருப்பிடிக்கும். மேல மதுரைப் பொண்ணு கேட்ட அதே பேட்டரி சமாச்சாரம்தான். அதனால உப்பு எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு டெஸ்ட் எடுக்காம ஒட்டுப் போடற வேலைக்கு ஒத்துக்காதீங்க.

எபாக்ஸிங்கறது கல்லு மாதிரி இறுகுற ஒட்டுப்பசை, அத ஊசி போடறது துரு இல்லாத, இனி வளராத விரிசலுக்கு. கார்பன் ஃபைபர் துணி தளத்துக்கு பலம் கூட்டும், துருவ நிறுத்தாது, துரு பிடிச்ச கம்பி மேல ஒட்டினா உள்ள பருத்து ஒட்டின துணியோட சேர்த்தே கழட்டிடும். அத ஒட்டுற எபாக்ஸியும் 60, 80 டிகிரிக்குள்ள இளக ஆரம்பிக்கும், அடியில சமையல்கட்டுன்னா தீ பாதுகாப்பு பூச்சு சேர்த்து கேளுங்க.

கேள்வி: தாத்தாவோட மேல் பல்செட் நடுவுல ரெண்டா உடைஞ்சுடுச்சு. 5 ரூபா க்ளூ போட்டு ஒட்டினேன், 2 நாள்ல திரும்ப உடைஞ்சது. வேற நல்ல க்ளூ சொல்லுங்க. (வாசகர், தஞ்சாவூர்)

சொல்ல மாட்டேன் தம்பி! பல்செட் அக்ரிலிக்ங்கற பிளாஸ்டிக், லேப்ல அதுக்கு அதோட சொந்த திரவத்தையே தடவுவாங்க, அது பழைய மேல்பரப்ப கரைச்சு புது அக்ரிலிக்கோட பின்னிக்கும். நீங்க போட்ட க்ளூ மேல கண்ணாடி மாதிரி நொறுங்குற ஒரு படலமாத்தான் நிக்குது, இப்ப அதையும் சுரண்டினாத்தான் துண்டு ரெண்டும் சரியா உட்காரும். மேல் செட் நடுவுல உடையறது பெரும்பாலும் ஈறு எலும்பு தேஞ்சு செட் உள்ள ஊஞ்சல் ஆடறதாலதான், அதனால தாத்தாவையும் கூட்டிட்டு போய் அளவு பார்த்துட்டு வாங்க. துண்டு ரெண்டையும் டப்பாவுல போட்டுக்கோங்க, சின்னதா சில்லு எதாவது பெயர்ந்து விழுந்திருந்தா அதையும் தேடி எடுத்துக்கோங்க.