ஈப்பே டெக்ல எண்ணெய் காயல, ஸ்க்ரூவ சுத்தி கறுப்பு - பதில்

ஈப்பே மரத்துல போட்ட டெக்ல (வீட்டுக்கு வெளிய போடுற மரத் தளம்) அடிச்ச எண்ணெய் ஒரு வாரமாகியும் காயாம கால்ல ஒட்டுது, ஸ்க்ரூவ சுத்தி கறுப்பா இருக்குன்னு சொல்லிருக்கீங்க, ரெண்டும் வேற வேற விஷயங்க. ஈப்பே ரொம்ப அடர்த்தியான மரம், தண்ணில போட்டாவே முங்கிரும், அதுல ரெண்டு கோட் அடிச்சா உள்ள இறங்காம மேலயே பிசுபிசுன்னு நிக்கும். டர்பென்டைன் நனைச்ச துணியால அழுத்தி துடைங்க, போயிரும். அந்தத் துணிய மட்டும் சுருட்டி மூலைல போட்றாதீங்க, தானா தீப்பிடிக்கும், விரிச்சு வெளியில காயவைங்க.

அந்தக் கறுப்பு, பூஞ்சை இல்ல, உங்க ஸ்க்ரூ சாதா இரும்பா இருக்கும், மரத்துல இருக்க டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் இரும்போட சேந்து கறுக்குது. பிளீச்சிங் பவுடர் போட்டு தேச்சாலும் போகாது, ஆக்ஸாலிக் ஆசிட் தான் வேணும், பாக்கெட்ல போட்ருக்க அளவுல கரைச்சு, கிளவுஸ் மாட்டிட்டு, நைலான் பிரஷ்ல தேச்சு நல்லா கழுவுங்க. கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், உடையுற துணுக்கு ஒவ்வொன்னும் புதுப் புள்ளியாகும். ஸ்க்ரூவ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா மாத்தலேன்னா கறை திரும்ப வரும்.

அடுத்த தடவ ஒரே கோட், மெல்லிசா, 15-20 நிமிஷத்துல மிச்சத்த துடைச்சிருங்க. எண்ணெயே அடிக்காம சாம்பல் கலருக்கு விட்டாலும் மரம் கெடாது, எனக்கு அதுவே புடிக்கும்.