கேளுங்கள், சொல்கிறோம்: வெள்ள நேரத்து அரசுப் பணி

கே: பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். பேரிடர் மேலாண்மையில் அரசு வேலைக்கு எந்தத் தேர்வு எழுத வேண்டும்? (வாசகி, காட்பாடி)

ப: மாவட்டத்தில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் வருவாய்த் துறையிடம்தான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். ஊரில் முதலில் ஓடுபவர் வி.ஏ.ஓ.; அதற்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத வேண்டும். துணை கலெக்டர் பதவிக்கு குரூப் 1. தீயணைப்பு வீரர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்.

தேர்வைவிட வேலைதான் கடினம். சித்தூர்ப் பக்கம் கலவகுண்டா அணை திறந்தால், நம்மூரில் தூறல்கூட இல்லாதபோதும், பாலாற்றில் கலக்கும் பொன்னையாறு பெருகும். "மழையே இல்லையே" என்று மக்கள் நகர மறுப்பது இதனால்தான். 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்த அணை, எப்போது திறந்தது, தண்ணீர் எந்தத் தெரு வரை வரும் என்று சொன்னால்தான் நம்புவார்கள். வாட்ஸ்அப் மட்டும் போதாது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, இருட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகள், படுத்த படுக்கையானோர், டயாலிசிஸ் நோயாளிகள் பட்டியலை மழைக்காலத்துக்கு முன்பே கையில் வைத்திருங்கள். முகாமாகும் பள்ளியின் சாவி யாரிடம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று நேரில் பாருங்கள். மாட்டுக்கு இடம் காட்டாவிட்டால் ஆளும் வரமாட்டார். பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.