கோர்ட்டுப் படி ஏறும் முன்: வாசகர் கேள்விகள்

கே: ஜீவனாம்ச வழக்குப் போட வேண்டும். கணவர் நல்ல சம்பளக்காரர். எனக்கு இலவச வக்கீல் கிடைப்பாரா? (ஆரணி வாசகி)

ப: கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவைப் பாருங்கள். தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். மனுவை எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வழி தெரியாவிட்டால் 15100-க்குப் போன் செய்யுங்கள்.

கே: விபத்து இழப்பீட்டுக்கு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். தொகை குறைவு என்கிறார்கள். அப்பீல் போகலாமா?

ப: முடியாது. அங்கே முடிந்தால் முடிந்ததுதான். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். பக்கத்து வீட்டுக்காரர் ‘குறைவு’ என்று சொல்வது மோசடி ஆகாது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

கே: ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ப: என்ன புகார், என்றைக்குக் கொடுத்தது, சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்கினீர்களா? ஒன்றையும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கே: உயர் நீதிமன்றத்தில் தமிழ் ஏன் இல்லை?

ப: இதைத்தான் 20 வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். அரசியல் சாசனத்தின் 348-வது பிரிவு அங்கே ஆங்கிலம் என்கிறது. ஆனால் ஜனாதிபதி சம்மதித்தால் மாநில மொழியை ஆளுநர் அனுமதிக்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ராஜஸ்தான், உ.பி., ம.பி., பீகாரில் இந்திக்கு அனுமதி உண்டு. நம் சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டச் சொற்கள் தமிழில் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வாய்தா, ஜப்தி, ஜாமீன் எந்த விவசாயிக்குப் புரியாது? (பாதி வெளியூர்ச் சரக்குதான், இருக்கட்டுமே.) நிலத் தகராறில் வந்த தீர்ப்பை ஒரு பெரியவர் டீக்கடையில் காலேஜ் பையனிடம் நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். ‘டிஸ்மிஸ்’ என்று போட்டிருக்கிறது என்றான். யாருடைய மனு டிஸ்மிஸ் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. டீ ஆறும்வரை பெரியவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்க்கோர்ட்டுகளில் தமிழுக்குச் சட்டப்படி இடம் உண்டு. அங்கேயாவது மனுவைத் தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில் அடித்து நீட்டினால், வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்குப் பிறகு.

கே: அடுத்த வாய்தா எப்போது என்று வக்கீல் சொல்வதே இல்லை.

ப: உங்கள் வழக்குக்கென்றே உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போடுங்கள். அவரைக் கேட்கவே வேண்டாம்.

கே: பழுதான கிரைண்டருக்கு நுகர்வோர் வழக்குப் போட வக்கீல் அவசியமா?

ப: இல்லை, நீங்களே வாதாடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. கெடு 2 வருஷம். பில் தொலைந்துவிட்டது என்று கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதையல்லவா முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும்? கார்டில் பணம் கட்டியிருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் தேடுங்கள்.