மிஸ்ட்ராவைச் சாகடித்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: மூன்று வருடமாக நண்பர்களுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ரோல்பிளேயிங் கேமின் கற்பனை உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் ஒரு கேம்பெயின், அதாவது தொடர்கதையாக ஆடும் ஆட்டம், நடத்துகிறேன். 2001இல் வந்த 3ஆம் பதிப்பு செட்டிங் புத்தகத்தை (உலகத்தை விவரிக்கும் புத்தகம்) வைத்து, அந்த உலகத்தின் கணக்கில் 1372ஆம் ஆண்டில் தொடங்கினோம். கதையில் இப்போது 1384 முடியப்போகிறது. அடுத்த ஆண்டு மந்திரத்தின் தேவி மிஸ்ட்ரா கொல்லப்படுகிறாள், உலகமே தலைகீழாகிறது என்று ஆட்டக்காரர் ஒருவர் சொல்கிறார். அவருடையது மந்திரவாதி கதாபாத்திரம். மந்திரமே போய்விடுமோ என்று பயப்படுகிறார். இதற்கிடையில் பழைய பெட்டித் தொகுப்புகளும் நாவல்களும் சேர்ந்த ‘முழு செட்’ இல்லாமல் இந்தக் காலகட்டத்தை நடத்தவே முடியாது என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கட்டுமா? அதிகாரபூர்வக் கதையை விட்டு விலகினால் பின்னால் சிக்கல் வருமா?

பதில்: வாங்க வேண்டாம். மிஸ்ட்ராவும் சாக வேண்டாம்.

உங்கள் நண்பர் சொல்வது புத்தகத்தில் உள்ளதுதான். 1385இல் சிரிக் என்னும் தெய்வம் மிஸ்ட்ராவைக் கொல்கிறது, மந்திரத்தைத் தாங்கும் வீவ் கிழிகிறது, நீல நெருப்பு பரவுகிறது. இதற்கு ஸ்பெல்பிளேக் என்று பெயர். 2008இல் 4ஆம் பதிப்புக்கான புத்தகம் கதையை 1479க்குத் தாவ வைத்தது. 94 வருடம் ஒரே தாவல். உங்கள் மேசையில் 30 வயதில் இருக்கும் மனிதக் கதாபாத்திரத்துக்கு அப்போது 125 வயது. எல்ஃப், குள்ளர் போன்ற நீண்ட ஆயுள் இனத்தார்தான் மிஞ்சுவார்கள்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். கதைக்குத் தேவைப்பட்டு இந்தப் பேரழிவுகள் வருவதில்லை. விதிப் புத்தகம் மாறும்போது வருகின்றன. 1989இல் 2ஆம் பதிப்பு விதிகளிலிருந்து அசாசின் (கொலையாளி) என்ற கதாபாத்திர வகையை எடுத்துவிட்டார்கள். உடனே கதையில், தெய்வங்கள் பூமிக்கு விழுந்த 1358ஆம் ஆண்டில், உலகத்தில் இருந்த அசாசின்கள் எல்லாரும் ஒட்டுமொத்தமாகச் செத்தார்கள். 2008 விதிப் புத்தகத்தில் டிராகன்பார்ன் என்ற டிராகன் சாயல் மனித இனம் சேர்ந்தது. உடனே அண்டர் நாடு இருந்த இடத்தில் டிராகன்பார்ன்களின் நாடு ஒன்று வந்து உட்கார்ந்தது. மந்திரம் இயங்கும் முறையை மாற்றினார்கள், மிஸ்ட்ரா செத்தாள். 2014இல் 5ஆம் பதிப்பு வந்தபோது அவளும் திரும்பிவிட்டாள், வீவும் சரியாகிவிட்டது. ஆறே வருடம்.

நீங்கள் விதிப் புத்தகத்தை மாற்றவில்லையே. அப்புறம் அந்த மாற்றத்துக்கான சாக்கு உங்களுக்கு எதற்கு?

‘அதிகாரபூர்வம்’ என்ற சொல்லுக்குப் பயப்படவும் வேண்டாம். 2014க்குப் பிறகு 5ஆம் பதிப்புப் புத்தகங்களில் வந்ததை மட்டுமே ரோல்பிளேயிங் கேமுக்கான கேனனாக, அதாவது அதிகாரபூர்வக் கதையாக, எடுத்துக்கொள்கிறோம் என்று வெளியீட்டாளர்களே 2021இல் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தைய நாவல்களும் அதில் அடிபட்டுப்போயின. பல வருடங்களாக வாசகர் தலையில் கட்டியதை ஒரே வாக்கியத்தில் கைகழுவியிருக்கிறார்கள். அதை நீங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

செய்ய வேண்டியது இதுதான். அரைப் பக்கத் தாளில் எழுதி மேசையில் எல்லாரிடமும் கொடுங்கள்: ‘2001 புத்தகத்தில் 1372 வரை உள்ளது உண்மை. அதற்குப் பின் நம் மேசையில் நடந்தது உண்மை. மற்றபடி அச்சில் வந்ததெல்லாம் வதந்தி. உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.’ மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நிறையப் படித்த ஆட்டக்காரர் உங்களைத் திருத்திக்கொண்டே இருப்பதை அதுதான் நிறுத்தும். அவர் படித்ததும் வீணாகாது: 1385இல் ஏதோ நடக்கும் என்று ஒரு ஜோசியக்காரன் உளறட்டும், நடக்காமலே போகட்டும். மந்திரவாதிக்கு அதைவிட நல்ல படபடப்பு கிடைக்காது.

இல்லை, ஸ்பெல்பிளேக்கை நடத்தித்தான் பார்க்க வேண்டும் என்று ஆசையா? மந்திரவாதியை ஆடுபவரிடம் முதலில் தனியாகப் பேசிச் சம்மதம் வாங்குங்கள். மூன்று அமர்வுகளுக்கு முன்பிருந்தே அறிகுறி காட்டுங்கள். கதைக்கணக்கில் ஒரே ஒரு மாதம், மந்திரம் போடும்போதெல்லாம் 20 பக்கப் பகடையை உருட்டச் சொல்லுங்கள். 1 விழுந்தால் மட்டும் பிசகட்டும். மாதம் முடிந்ததும் விதியை எடுத்துவிடுங்கள். 94 வருடத் தாவல் மட்டும் கூடவே கூடாது. கேம்பெயின்கள் சாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்: ஆட்டக்காரர்கள் மூன்று வருடம் சேர்த்த பகையாளி, காதலி, கடன்காரன் எல்லாரும் ஒரே பத்தியில் கல்லறைக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வந்த அட்வென்ச்சர் (அச்சில் வரும் ஆயத்தக் கதை) ஒன்றை உங்கள் காலத்துக்குள் இழுத்து வந்தால் அதிகாரபூர்வ ஆண்டு அங்கே உண்மையாகவே குறுக்கே நிற்கும். எல்லா அட்வென்ச்சரிலும் அல்ல. 2014 ஸ்டார்ட்டர் செட்டில் வந்த ஃபேண்டெல்வர் சுரங்கக் கதை 1384இல் அப்படியே ஓடும். கோப்ளின்களும் தொலைந்த சுரங்கமும் எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான். அதில் நெவர்விண்டர் பாழ்பட்டு மீண்டுவரும் நகரம். அதைப் பாழாக்கிய எரிமலை 1451இல்தான் வெடித்தது என்பதால் உங்களுக்கு அது முழு நகரம், ஆள்வது நாஷர் பிரபு. இரண்டு வாக்கியம் மாற்றினால் போதும். ஆனால் 2018இல் வந்த வாட்டர்டீப் டிராகன் ஹைஸ்ட் அப்படி நகராது. அந்தக் கதையே டேகல்ட் நெவரெம்பர் என்பவர் வாட்டர்டீப் நகரத்தின் பணத்திலிருந்து 5,00,000 பொற்காசைச் சுருட்டி ஒளித்துவைத்ததில் நிற்கிறது. 1384இல் அவர் பிறக்கவே இல்லை. அப்போது நகரத்தின் வெளிப்படைத் தலைவர் பீர்கீரான், நேர்மைக்குப் பேர்போன பாலடின், அதாவது புனிதப் போர்வீரர். அவர் பெயரைத் திருடன் இடத்தில் போட்டால் கதை அங்கேயே நொண்டும். ஆகவே இப்படிப்பட்ட அட்வென்ச்சரை எடுத்தால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள்: அதில் வரும் ஆளும் புள்ளிகளின் பெயரை மட்டும் பட்டியல் போட்டு, எத்தனை பெயரை மாற்றினால் கதை உடைகிறது என்று பாருங்கள். ஒன்று கூட உடைக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உடைத்தால் அவருக்கு மாற்றாக ஒரு கற்பனைக் கருவூல அதிகாரியை 1360களில் வாழ்ந்தவராக உருவாக்குங்கள். இரண்டு மூன்று உடைத்தால் வேறு அட்வென்ச்சர் தேடுங்கள்.

வேறு உலகங்களிலும் இதே கூத்துதான். 1991இல் வந்த டார்க் சன் உலகத்தில் மன்னர்களை நாவல்கள் ஒவ்வொருவராகச் சாகடித்தன. 1995 பெட்டி அதையே வரலாறாக்கியது. 2010இல் கலக் மன்னன் செத்த கொஞ்ச நாளுக்கே கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்கள். வாம்பயர் என்ற இன்னொரு ரோல்பிளேயிங் கேம் 2004இல் தன் உலகத்தையே முடித்தது, 2018இல் முடியாததுபோலத் தொடர்ந்தது. 2004இல் வந்த எபெரான் உலகம் ஒன்றுதான் தன் கணக்கின் 998ஆம் ஆண்டிலேயே உட்கார்ந்துகொண்டது. புத்திசாலித்தனம்.

இப்போது அந்த விற்பனையாளர். ‘இது இல்லாமல் நடத்த முடியாது’ என்று சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று முரணான பதிப்புகளைக் கலந்து அடுக்கி அதற்கு ‘முழு செட்’ என்று பெயர் வைப்பதுதான் வழக்கமான தந்திரம். 1987 பெட்டியில் உலகம் 1350களில் இருக்கிறது, உங்கள் கேள்விக்கு அதில் ஒரு வரி பதில்கூடக் கிடையாது. ஆசைக்காக வாங்குவதென்றால் உள்ளே இருப்பதை எண்ணிப் படம் அனுப்பச் சொல்லுங்கள்: இரண்டு புத்தகம், நான்கு பெரிய வரைபடம், கட்டம் போட்ட கண்ணாடித் தாள்கள். வரைபடத்தை விரித்த படம் வேண்டும், மடித்த படம் வேண்டாம். மடிப்புகள் கூடும் இடத்தில்தான் ஓட்டை விழுந்திருக்கும். உங்கள் 2001 புத்தகத்தின் பழைய பிரதிகளிலோ பின்னால் இணைத்த வரைபடத்தை யாராவது கிழித்து எடுத்திருப்பார்கள், ‘நல்ல நிலை’ என்று போட்டிருந்தாலும். படிக்க மட்டும் என்றால் பழைய ரெல்ம்ஸ் புத்தகங்களில் பெரும்பாலானவை டிஎம்ஸ் கில்ட் தளத்தில் முறையான பிடிஎஃப் ஆகவே கிடைக்கின்றன. யாரோ பென்டிரைவில் அள்ளிக் கொடுக்கும் ஸ்கேன் தொகுப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு என்பது ஒரு பக்கம், பக்கங்கள் விடுபட்டிருப்பது ஆட்டத்துக்கு நடுவில்தான் தெரியவரும்.

ரசிகர் விக்கிகளைப் பார்க்கும்போதும் ஒரு பழக்கம் வேண்டும். எந்தத் தகவலையும் குறித்துக்கொள்ளும் முன் அது எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது, அந்தப் புத்தகம் எந்த ஆண்டு அச்சானது என்று அடிக்குறிப்பைப் பாருங்கள். 2008 அல்லது அதற்குப் பின் என்றால் உங்கள் தாளின் மூன்றாவது வாக்கியத்தில் போடுங்கள்.